பெரிய பிள்ளை தாம்போதி

பண்ணையாள் இசக்கியப்பன் நெஞ்சுவரை நனைந்து களத்துக்கு வந்து நின்றான். கையில் ஓலைப்பெட்டியின் மூடி இருந்தது. பெட்டியைக் காணோம்.

கார் அறுப்பு முடிந்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. பொதிகை மேல் காலையிலிருந்தே மேகம் ஏறி நின்றதால், பெண்கள் காலால் நெல்லைக் கிளறிவிட்டபடி மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவசண்முகம் பிள்ளை களத்தோரத்தில் குடையை ஊன்றி நின்றார். அவர் உட்கார்ந்து வேலை வாங்கி ஆலடிப்பேரியில் யாரும் பார்த்ததில்லை. அறுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. வளையக்கூடாது என்று அவரே அதற்கு உத்தரவு போட்டிருப்பது போல இருக்கும் அந்த நிற்பு.

"பெட்டி எங்கலே?"

"ஓடைல போயிட்டுதுய்யா. பள்ளத்துல காலு வழுக்கிட்டு. முறுக்குப் பெட்டி போயே போச்சு. முந்திரிக்கொத்துப் பெட்டிய மட்டும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக் கொண்டு சேத்துட்டேன்."

"கோமு எப்படி இருக்கா?"

"நல்லாருக்காக. கால் லேசா வீங்கியிருக்கு. நின்ன எடத்துலயே ஒரு முந்திரிக்கொத்த எடுத்துக் கடிச்சாக. அம்மா கைப்பாகுன்னு சொல்லிச் சிரிச்சாக."

அதற்கு மேல் சொல்ல அவனிடம் ஏதோ இருந்தது. மூடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"சொல்லுலே."

"சம்பந்தி ஐயா ஒரு வார்த்தை சொல்லிவிட்டாக. முறுக்குப் பெட்டியக் கரை சேக்க முடியல, பிள்ளத்தாச்சியவா கரை சேக்கப் போறீகன்னு கேட்டாக. தாம்போதி சரியாகட்டும், பொறவு அனுப்புதோம்னாக. இல்லேன்னா பிரசவம் இங்கனயே இருக்கட்டும்னாக."

நெல்லில் நடந்துகொண்டிருந்த கால்கள் நின்றன. பிள்ளை திரும்பிப் பார்த்ததும் மறுபடி நடந்தன.

கோமுவின் மாமனார் கல்லிடைக்குறிச்சித் தாணுமாலையன் பிள்ளை பொல்லாதவர் அல்லர். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாததுதான் சிவசண்முகம் பிள்ளையின் வாயை அடைத்தது. சிவசண்முகம் பிள்ளை வீட்டில் பிறந்த பெண் எவளும் தலைப்பிரசவத்தை வேறு வீட்டில் பார்த்ததில்லை. அத்தைகள், அக்காள், தங்கை, எல்லாரும் நிறைமாதத்தில் வில்வண்டியில் ஓடையைக் கடந்து வந்தவர்கள். கோமு ஒரே மகள். அவளை ஐப்பசிக் கடைசியில் ஒன்பதாம் மாதம் அழைத்துவர நாள் பார்த்தாகிவிட்டது. இது புரட்டாசி.

"போயி வேட்டிய மாத்துலே," என்றார். குடையை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார்.

ஆலடிப்பேரிக்கும் அம்பாசமுத்திரம் ரஸ்தாவுக்கும் நடுவில் கிடந்தது மஞ்சணத்தி ஓடை. கோடையில் ஆடு மேயும். மலையில் ஒரு மழை இறங்கிவிட்டால், தாமிரபரணியில் போய் விழும்வரை அது யாருக்கும் அடங்காது. சிவசண்முகம் பிள்ளையின் பாட்டனாரை ஊர் பெரிய பிள்ளை என்றுதான் சொல்லும். அவர் தம் கைப்பணத்தில் ஓடைக்குக் குறுக்கே கருங்கல்லால் தாம்போதி கட்டினார். வெள்ளம் வந்தால் அதன் மேலே வழிந்து போகும். வடிந்ததும் வண்டி போகும். ஊர்ப்பக்க முனையில் அவர் பெயர் வெட்டிய கல் ஒன்று நின்றது. வண்டிக்காரர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவது வழக்கம்.

டில்லி தர்பார் நடந்த வருஷத்து ஐப்பசியில் வந்த வெள்ளம் நடுத்துண்டைப் பெயர்த்துக்கொண்டு போனது. இரு முனைகளும் நின்றன. நடுவே இடுப்பு ஆழத்துக்குப் பள்ளம். அறுத்த நெல் தலைச்சுமையாய்த்தான் ரஸ்தாவுக்குப் போயிற்று. ஆழம் குறைந்த இடம் பார்த்துப் பெண்கள் புல்லுக்கட்டோடு இறங்கி ஏறினார்கள்.

அப்போதே மிஷன் பள்ளிக்கூடத்து நேசையா வாத்தியார் தாலுகா போர்டுக்கு மகஜர் கொடுக்கலாம் என்றார். பக்கத்திலிருந்த கிறிஸ்தவக் குடியிருப்பில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளை போடவில்லை. "எங்க பாட்டனார் கட்டுனதத் தொட போர்டு யாரு? நான் கட்டுதேன்," என்று கோயில் வாசலில் வைத்துச் சொன்னார். ஊர் அதற்கு மேல் பேசவில்லை. பங்காளி வழக்கில் வயல் பாதி போய்விட்டது ஊருக்குத் தெரியும். தெரிந்தும் அவருடைய வாக்குக்கு மரியாதை கொடுத்து ஒரு வருஷம் தண்ணீரில் நடந்தது.

அன்று சாயங்காலம் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தபோது நேசையா வந்தார். மூடிய கோட்டும் தலைப்பாகையும் கணுக்கால் வரை சேறுமாக இருந்தார்.

"வாரும் வே வாத்தியாரே. எங்கிருந்து?"

"போர்டு கச்சேரில இருந்துதான் அண்ணாச்சி. நம்ம மகஜர் என்னாச்சுன்னு கேட்டேன். தள்ளியாச்சுன்னாக."

"நம்ம மகஜர் இல்ல. உம்ம மகஜர்."

"சரி, எங்க மகஜர்." நேசையா சிரித்துக்கொண்டார். "மெம்பர் நேர்ல பாத்தாகளாம். கடக்கத்தக்க நிலையில இருக்குன்னு சொல்லிட்டாகளாம். பொறவு போர்டு எதுக்குக் காசு போடும்னு கேக்காக."

"எந்த மெம்பர்?"

"நமக்கு ஒரு மெம்பர்தான இருக்காக. உங்க மச்சினர்."

பிள்ளையின் குடை தரையில் ஒரு தரம் குத்தியது. குற்றாலலிங்கம் பிள்ளை அவர் மனைவிக்குச் சித்தப்பா மகன், பாளையங்கோட்டையில் வக்கீல். போன தேர்தலில் ஆலடிப்பேரியில் வரி கட்டி ஓட்டு உள்ள அத்தனை பேரும் சிவசண்முகம் பிள்ளையின் ஒரு சொல்லுக்காக அவருக்குப் போட்டார்கள்.

"குத்தாலலிங்கம் பொய்யா சொன்னான்?"

"பொய்யின்னு எப்படிச் சொல்ல. சித்திரைல கோயில் கொடைக்கு வந்தாகல்லா. அன்னைக்குத் தாம்போதி எப்படி இருந்துது அண்ணாச்சி?"

பிள்ளை ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குத் தாம்போதி எப்படி இருந்தது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு மச்சினன் வருகிறான், அதுவும் போர்டு மெம்பர். ஊர் மானத்தைக் காட்ட வேண்டாமா? பனந்தடிகளைப் பள்ளத்துக்குக் குறுக்கே அடுக்கச் சொன்னவர் அவர்தான். மேலே வைக்கோல் பரப்பி, மண் போட்டு, ஆற்று மணல் தூவி, இரண்டு பக்கமும் குலை வாழை கட்டி, பெண்கள் கோலம்கூடப் போட்டார்கள். குற்றாலலிங்கம் வண்டியை நிறுத்தி இறங்கி, "பெரிய பிள்ளை கட்டுனது அப்படியே நிக்கு அத்தான்," என்று சொன்னபோது, இவர் மீசையைத் தடவிக்கொண்டார். மறுநாள், வாடகைக்குத் தந்திருந்த தடிக்காரன் வந்து தடிகளைக் கழற்றிக்கொண்டு போனான்.

"நாம காட்டுனத அவுக பாத்தாக. பாத்ததச் சொன்னாக," என்றார் நேசையா.

"உமக்கு வாயில்லையா? அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா."

"கேக்கத்தான் பந்தலுக்கு வந்தேன். நீங்க கண்ணக் காட்டுனீக. சாப்பிட வந்த மனுஷன்கிட்ட கொறை சொல்லப்படாதுன்னு."

அதுவும் உண்மை. அந்த வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டவரிடம் யாரும் ஒரு காரியம் கேட்டதில்லை. சோறு போட்டுவிட்டுக் கேட்டால் அது சோற்றுக்குக் கூலி கேட்பது. பெரிய பிள்ளை காலத்துச் சட்டம் அது. தாசில்தார்கள் வந்து சாப்பிட்டிருக்கிறார்கள், முன்சீப்புகள் சாப்பிட்டிருக்கிறார்கள், இலையை மடித்து எழுந்து வெற்றிலை போட்டு வண்டியேறிப் போயிருக்கிறார்கள். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை என்பதுதான் அந்த வீட்டின் பெருமை.

மறுநாள் குற்றாலலிங்கத்தின் ஆள் வந்து செய்தி சொன்னான். கார்த்திகையில் போர்டு தேர்தல். இந்தத் தடவை அரிசி மில்காரர் ஒருவர் எதிர்த்து நிற்கிறார். அதனால் வக்கீலையா ஊர் ஊராய் வந்துகொண்டிருக்கிறார். வருகிற வியாழக்கிழமை ஆலடிப்பேரி. மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில்.

வடிவம்மாள் அம்மியில் மஞ்சள் அரைத்துக்கொண்டே கேட்டாள். "சொதிக்குத் தேங்கா எடுக்கச் சொல்லட்டா?"

"எடுக்கச் சொல்லு."

"எத்தன?"

"அதையும் எங்கிட்டயா கேக்க?"

"இல்ல, போன தடவ என் தம்பி மூணு தரம் வாங்கிக் குடிச்சான். அவன் வாங்கிக் குடிக்கக் குடிக்க உங்களுக்கு முகம் மலந்துது. இந்தத் தடவயும் மலர வேண்டாமா?"

"கோட்டி பிடிச்சிட்டா உனக்கு? உன் தம்பிதான வாரான்."

"என் தம்பிதான். வயிறு நெறைய அனுப்புங்க. பெத்த பிள்ள மட்டும் பத்து மைல்ல கெடந்து அந்த வீட்டு உத்தரத்தப் பாத்துட்டுப் பிள்ள பெறட்டும்." அம்மிக் குழவி வேகமாக ஓடியது. "அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"இந்த வீட்டுல கைநனைச்சவன்கிட்ட யாரும் கேட்டதில்ல. தெரியாதா உனக்கு?"

வடிவம்மாள் மஞ்சளை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். கையைக் கழுவினாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்:

"அப்ப கைநனைக்கதுக்கு முந்தி கேளுங்க."

பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார். அன்று அவருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஓடைக்குப் போனார், வந்தார், மாட்டுத் தொழுவத்தில் நின்று காளையின் கொம்பைத் தடவினார், வேலிப் படலை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். மேற்கே மேகம் ஒரு பனை உயரம் இறங்கியிருந்தது. மறுபடி ஓடைக்குப் போனார். தாம்போதி முனையில் தண்ணீர் இன்னும் கணுக்காலுக்குத்தான் இருந்தது. பாட்டனார் பெயர் வெட்டிய கல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. அதைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

புதன்கிழமை காலையில் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் இசக்கியப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நேசையாவும் பின்னால் வந்தார்.

"ஐயா, தடிக்காரன்ட்ட சொல்லியாச்சு. மத்தியானத்துக்குள்ள அடுக்கிரலாம். மண்ணும் வெட்டி வச்சாச்சு," என்றான் இசக்கியப்பன்.

"தடி வேண்டாம்லே."

"வேண்டாமா?"

"வேண்டாம். வாழையும் வேண்டாம், கோலமும் வேண்டாம். ஓடை ஓடையா இருக்கட்டும்."

வந்தவர்களில் மூத்தவருக்குச் சங்கடமாகப் போயிற்று. "ஊருக்கு வார பெரிய மனுஷன்லா அண்ணாச்சி. சேத்துல இறக்கினா நாளைக்கு வெளியூர்ல என்ன பேசுவாக? ஆலடிப்பேரிக்காரனுக்கு மரியாதை தெரியாதும்பாக."

"நாம சேத்துல நடக்கத ஒருத்தனும் பேசலியே, வே. அதையும் பேசட்டும்."

"சரி, அப்ப நாலு பேரு தோள்ல தூக்கிட்டு வந்திருதோம்."

"தூக்கவும் கூடாது. எவனாவது தோளக் குடுத்தா அவன் என் வாசல மிதிக்க வேண்டாம்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேசையா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாத்தியாரே, நீரு மகஜர்ல என்னெல்லாம் எழுதியிருந்தீரு?"

"தாம்போதி, பள்ளிக்கூடத்துக்குக் கூரை, குடியிருப்புக்குக் கெணறு, சுடுகாட்டுப் பாதை, தெருவெளக்கு…"

"அம்புட்டுமா?"

"அதுதான் நான் செஞ்ச தப்பு, அண்ணாச்சி. அவ்வளவையும் கேட்டா எல்லாத்துக்கும் ஆகட்டும்பாக. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். என்னைக்கின்னு கேக்கணும். ஓட்டு இருக்கவுக, இல்லாதவுக, அத்தன பேரும் பாத்துட்டு நிக்கும்போது கேக்கணும். தனியா கேட்டா சொன்னது அவுகளுக்கே மறந்துபோகும். ஆனா நான் கேட்டா அவுக காதுல ஏறாது. கேக்க வேண்டிய வாய் வேற."

பிள்ளை அவர் பக்கம் திரும்பினார். "உம்ம கெணறு?"

"கெணறு அடுத்த வருஷம். நீங்களும் கூட வந்து கேப்பீகல்லா, அப்ப பாத்துக்கிடலாம்."

வியாழக்கிழமை விடியும்போதே மலை கறுத்துவிட்டது. ஊரில் ஒரு சொட்டு விழவில்லை. ஆனால் பத்து மணிக்கு ஓடை செம்மண் நிறத்தில் இறங்கி வந்தது. மாவிலையும் சருகும் நுரையும் சுழித்துக்கொண்டு ஓடின. வடிவம்மாள் வீட்டில் தேங்காய்ப்பால் பிழிந்து சொதியைக் கொதிக்க விடாமல் பதமாக இறக்கி வைத்தாள். இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், பாயசம். மணம் தெருவெல்லாம் வந்தது. பிள்ளை குளித்து, திருநீறு பூசி, சரிகை வேட்டி கட்டி, அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு ஓடைக்கரைக்குப் புறப்பட்டார்.

கரையில் ஊர் கூடியிருந்தது. ஓட்டு உள்ளவர்கள் ஒரு பக்கமும், குடியிருப்பு ஆட்கள் ஒரு பக்கமும், புல்லுக்கட்டோடு கடக்கக் காத்திருந்த பெண்கள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். அக்கரையில் சலங்கைச் சத்தம் கேட்டது. வில்வண்டி தாம்போதியின் முனையில் வந்து நின்றது. வண்டிக்குள்ளிருந்து குற்றாலலிங்கம் பிள்ளை தலையை நீட்டினார். கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, பளபளவென்று புதுச் செருப்பு. வண்டிக்காரன் முன்னால் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"என்ன அத்தான், தடியக் காணும்? வெள்ளம் கொண்டுபோயிட்டா?" என்று கூவினார் வக்கீல்.

"தடி போடல மாப்பிள."

"அப்ப எப்படி வாரது?"

பிள்ளை அங்கவஸ்திரத்தை எடுத்து இசக்கியப்பனிடம் கொடுத்தார். சரிகை வேட்டியை மடித்துக் கட்டவில்லை. அப்படியே இறங்கினார். தாம்போதியின் இந்த முனையில் தண்ணீர் முழங்கால், நாலு எட்டில் இடுப்பு, பள்ளத்தில் நெஞ்சு. இசக்கியப்பன் பின்னால் இறங்கப் போனான்.

"நில்லுலே."

அவன் நின்றான். பிள்ளை காலால் தடவித் தடவி, கீழே உருண்டு கிடந்த கல் மேல் ஏறி நிலைகொண்டு நின்றார். சரிகைக்கரை தண்ணீரில் விரிந்து இழுத்தது.

"இப்படித்தான் வரணும், மாப்பிள. நாங்க இப்படித்தான் போறோம், வாரோம்."

வக்கீல் முகம் கறுத்தது. "அத்தான், ஏறுங்க முதல்ல. வயசான காலத்துல இது என்ன. ரெண்டு பேர அனுப்புங்க, தோள்ல வந்திருதேன்."

"தோள் இல்ல."

"நான் திரும்பிப் போயிருவேன்."

"போகலாம். ஓட்டு இக்கரைல நிக்குது. சோறும் இக்கரைல இருக்கு."

பெண்களுக்குள் ஒருத்தி சிரித்தாள். பக்கத்தில் நின்றவள் அவளைக் கிள்ளினாள். வக்கீல் கரையிலிருந்த முகங்களைப் பார்த்தார். ஒருவரும் அவருக்காக நகரவில்லை.

"எதுக்கு அத்தான் இந்த அவமானம்?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

சுழிப்பு பிள்ளையின் காலை இழுத்தது. கரைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"அவமானம் உமக்கில்ல வே, எனக்கு. எங்க பாட்டனார் கட்டுனது இது. நான் கட்டுதேன்னு கோயில் வாசல்ல நின்னு சொன்னேன். என்னால ஏலல. இந்தா, ஊர் கேக்கச் சொல்லுதேன், என்னால ஏலல. இதச் சொல்லதுக்குக் கூச்சப்பட்டு ஒரு வருஷம் இத்தன பொம்பளைகளத் தண்ணில நடக்க விட்டுட்டேன். நீரு வந்தன்னைக்குத் தடிய அடுக்கி உம்ம கண்ணையும் மறைச்சேன். கடக்கலாம்னு போர்டுல சொன்னீராம். கடந்து காட்டும்."

குற்றாலலிங்கம் பிள்ளை வண்டியிலிருந்து இறங்கினார். கோட்டைக் கழற்றினார். செருப்பைக் கழற்ற மறந்தார், அல்லது வேண்டுமென்றே கழற்றவில்லை. பள்ளத்தின் விளிம்பில் கால் வைத்ததும் வழுக்கியது. பிள்ளை கையை நீட்டினார். பிடித்துக்கொண்டார்கள். மெம்பரும் அத்தானும் நெஞ்சளவுத் தண்ணீரில் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு நின்றார்கள். தலைப்பாகையின் வால் நனைந்து கழுத்தைச் சுற்றியது.

"ஒரு செருப்பு போயிட்டு அத்தான்."

"எங்க வீட்டு முறுக்குப் பெட்டி போன எடத்துக்குத்தான் போயிருக்கும்."

வக்கீலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை சிரிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். என் வீட்டுல நீரு கைநனைக்கதுக்கு முந்தி கேக்கேன். இது என்னைக்கு நடக்கும்?"

"போர்டுல பணம்…"

"கல்லு கெடக்கு, காலுக்கடியிலயே. ஆளு நாங்க தாரோம். சுண்ணாம்பும் கொத்தனும் ஓவர்சியரும் உம்ம போர்டு தரணும். என்னைக்கு?"

"வார கூட்டத்துல வைக்கேன்."

"கூட்டம் என்னைக்கு?"

"வார திங்கக்கிழமை."

"சத்தமாச் சொல்லும். அங்கன கேக்கல."

குற்றாலலிங்கம் பிள்ளை கரையைப் பார்த்துத் திரும்பி, கோர்ட்டில் பேசுகிற குரலில், "வார திங்கக்கிழமை கூட்டத்துல வைக்கேன்," என்றார்.

"நாங்களும் வாரோம்," என்றார் நேசையா கரையிலிருந்து. "எல்லாரும் வாரோம்."

அன்று வக்கீல் இசக்கியப்பனின் உலர்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார். வடிவம்மாள் சொதியை நாலாம் தரமும் ஊற்றினாள். இலை எடுக்கும்வரை அந்த வீட்டில் தாம்போதி என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஊர் ஓடையில் இறங்கி ஏறி, நடந்தே போர்டு கச்சேரிக்குப் போனது. வாசலில் ஒரு வேப்பமரம்; அதன் கீழே எல்லாரும் நின்றார்கள். பிள்ளை நின்றதால் மற்றவர்களும் உட்காரவில்லை. குற்றாலலிங்கம் மோர்ப்பானை அனுப்பினார். உச்சி வெயிலில் அதைக் கண்டதும் இசக்கியப்பனின் நாக்கு உதட்டைத் தடவியது.

"வேண்டாம்னு சொல்லு," என்றார் பிள்ளை. "கேக்க வந்த எடத்துல குடிச்சா, குடிச்சது போதும்னு ஆயிரும்."

"அண்ணாச்சி, வெறும் மோருதான," என்றார் மூத்தவர் பரிதாபமாக.

"சொதி குடிச்சவரத்தான் நாம பாத்தோமே. அவரு அதோட நம்மள மறந்தாரு. நாம மோரக் குடிச்சுட்டு எதுக்கு வந்தோம்னு மறக்கவா?"

மோர் திரும்பிப் போனது. கூட்டம் நடந்த அறையின் ஜன்னலிலிருந்து போர்டுத் தலைவரான வெள்ளைக்காரத் துரையின் தலை இரண்டு தரம் எட்டி மரத்தடியைப் பார்த்தது. சாயங்காலம் குற்றாலலிங்கம் பிள்ளை வெளியே வந்து, ஓவர்சியர் புதன்கிழமை வருவார் என்றார்.

"புதன்கிழமை வரலேன்னா?" என்று கேட்டார் நேசையா.

"வியாழக்கிழமை திரும்ப இங்கன வந்து நிப்பீக. தெரியும் வே," என்றார் வக்கீல் அலுப்போடு.

ஓவர்சியர் வந்தார். சங்கிலி பிடித்து அளந்தார். அதற்குப் பிறகுள்ள நாட்களில் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு மேகத்தையும் தன்மேல் வந்த வழக்கு போலப் பார்த்தார். ஊர்க்காரர்களும் குடியிருப்பு ஆட்களும் முறை வைத்து, மண் அணை போட்டுத் தண்ணீரைத் திருப்பி, உருண்டு கிடந்த கற்களைக் கயிறு கட்டி இழுத்தார்கள். சுண்ணாம்பு அரைக்கிற செக்கு பகலெல்லாம் முனகிற்று. ஒரு நாள் மழை வந்து அணையை உடைத்தது; மறுநாள் மறுபடி கட்டினார்கள். எல்லாம் எடுத்து வைத்த பிறகும் பள்ளத்தின் அடியில் ஒரு பெரிய கல்லுக்கு இடம் இருந்தது. அங்கேதான் தண்ணீர் அறுக்கும் என்றார் கொத்தன். அந்த அளவுக்கு வெட்ட மலைக்குப் போனால் எட்டு நாள் ஆகும்.

ஓவர்சியர் சாய்ந்து நின்ற பெயர்க்கல்லைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். கேட்க அவருக்குத் துணிவில்லை. அதோடு வேறொரு சங்கடமும் அவரிடம் இருந்தது: போர்டு செலவில் நடக்கிற வேலைக்குப் போர்டு பெயரில் ஒரு கல் வைக்க வேண்டும் என்பது உத்தரவு.

பிள்ளை கல்லருகே போய் நின்றார். எழுத்துக்குள் சேறு அடைந்திருந்தது. அங்கவஸ்திரத்தின் நுனியால் ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கடப்பாரையை ஊன்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இத அந்த எடத்துல இறக்குங்க," என்றார். "எழுத்து கீழ்ப்பக்கம் இருக்கட்டும். சேறு ஏறாது."

ஐப்பசிக் கடைசி வெள்ளிக்கிழமை கல்லிடைக்குறிச்சியிலிருந்து வில்வண்டி வந்தது. தாணுமாலையன் பிள்ளை முன்னால் நடந்து வந்து, புதுத் தாம்போதியைக் காலால் தட்டிப் பார்த்து, சம்பந்தியைப் பார்த்துத் தலையசைத்தார். பிள்ளையும் தலையசைத்தார். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு தேவைப்படவில்லை. கணுக்கால் அளவுத் தண்ணீர் கல்லின் மேல் வழிந்துகொண்டிருந்தது. காளைகளை இசக்கியப்பன் கையில் பிடித்து நடத்தினான். பிள்ளை சக்கரத்தோடு சக்கரமாக நடந்தார்.

நடுவில் வந்ததும் கோமு திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். அவள் முகம் உப்பி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முனையில் போர்டு கல் வெள்ளையாக நின்றது.

"அப்பா, பெரிய பிள்ளை கல்லு எங்கப்பா? தொட்டுக் கும்பிடணும்லா."

பிள்ளை கை சக்கரத்தின் மேல் இருந்தது. வண்டி ஒரு நொடி தயங்கிற்று.

"இருக்கும்மா," என்றார். "அவரு மேலதான் வந்துட்டிருக்கோம். லே இசக்கி, நிக்காத, பைய ஓட்டு."